கனடா வங்கிப் பங்குகளை ஈ.ரி.எஃப் வழியாக வாங்குவது: புதிதாக வந்தவர்களுக்கான படிமுறை

"காசு மிஞ்சினால் வங்கிப் பங்கு வாங்கிப் போடு, டிவிடெண்ட் வந்துகொண்டே இருக்கும்" என்று கனடாவில் சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு நிச்சயம் சொல்லியிருப்பார்கள். சொன்னதில் பிழையில்லை. ஆனால் எந்தக் கணக்கில் வாங்குவது, என்ன கடதாசி வேண்டும், வரி எப்படி வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. எந்த ஈ.ரி.எஃப் (பல பங்குகளை ஒன்றாகக் கட்டிச் சந்தையில் விற்கும் ஃபண்ட்) என்று தெரிவுசெய்வது பத்து நிமிட வேலை. காசு கரைகிற இடங்கள் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கின்றன. அதனால் இங்கே கணக்குக்கும் கடதாசிக்கும்தான் அதிக இடம்.

தொகைகள் எல்லாம் கனடிய டொலரில். கட்டணங்களும் வரம்புகளும் மாறக்கூடியவை என்பதால் வாங்கும் நாளில் ஒரு தடவை சரிபாருங்கள்.

1. என்ன வாங்குகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

ரோயல் பாங்க், ரி.டி, ஸ்கோஷியா பாங்க், பி.எம்.ஓ, சி.ஐ.பி.சி, நஷனல் பாங்க். இந்த ஆறின் பங்குகளையும் ஒரே அலகாகக் கட்டி ரொறன்ரோ பங்குச் சந்தையில் விற்பதுதான் வங்கி ஈ.ரி.எஃப். ஒரு அலகு வாங்கினாலே ஆறு வங்கியிலும் உங்களுக்குப் பங்கு இருக்கும்.

ஒரு வங்கியை மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ரி.டி நல்ல உதாரணம். கள்ளப்பணத் தடுப்புச் சட்டத்தை மீறியதற்காக 2024 ஒக்ரோபரில் அமெரிக்காவில் அதற்கு 300 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் அபராதம் விழுந்தது. அமெரிக்கத் தொழிலை இதற்கு மேல் பெருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது. அந்த ஆண்டில் மற்ற ஐந்து வங்கிகளின் பங்கும் ஏற, ரி.டி மட்டும் இறங்கியது. ஆறையும் சேர்த்து வைத்திருந்தவருக்கு அது சின்ன அடி.

ஆனால் ஆறு பெயர் இருக்கிறது என்பதால் காசு பரவலாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக் கடன் வாராக் கடனாகினால், வேலையில்லாத் திண்டாட்டம் கூடினால், ஆறும் ஒன்றாகத்தான் விழும். 2020 பெப்ரவரி, மார்ச்சில் ஏறத்தாழ ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கின. இன்னொன்று: கனடா முழுச் சந்தைக் குறியீட்டு ஈ.ரி.எஃப் ஒன்றை நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்தால், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிதி நிறுவனங்கள்தான். அதற்கு மேல் வங்கி ஈ.ரி.எஃப்பும் வாங்கினால் அதே கூடைக்குள் இரண்டாம் தடவை போடுகிறீர்கள். மொத்த முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டு பேர் இப்போதைக்கு வாங்கவே வேண்டாம். 20 சதவீத வட்டியில் கிரெடிட் கார்ட் பாக்கி வைத்திருப்பவர் ஒருவர். அடுத்த மூன்று நான்கு ஆண்டுக்குள் இந்தக் காசை வீட்டு முற்பணத்துக்கோ சீட்டுக் கட்டவோ எடுக்க வேண்டியவர் மற்றவர்.

2. பெயரும் கடதாசியும்

தேவைப்படுபவை:

- சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம். 9இல் தொடங்கும் தற்காலிக சின் ஆனால் அதன் காலாவதித் திகதியும் கேட்பார்கள். வேலை அனுமதி அல்லது கல்வி அனுமதியைப் புதுப்பித்ததும் சின் பதிவையும் புதுப்பியுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள்.
- படத்துடன் அடையாள ஆவணம்: சாரதி அனுமதிப்பத்திரம், பி.ஆர் கார்ட் அல்லது கடவுச்சீட்டு.
- முகவரி ஆதாரம்: மின்சாரக் கட்டணம், வங்கி அறிக்கை போன்ற ஒன்று, கடந்த மூன்று மாதத்துக்குள் வந்தது.
- உங்கள் வங்கியின் வொய்ட் செக் ("VOID" என்று குறித்த காசோலை) அல்லது நேரடி வைப்புப் படிவம்.
- கனடா தவிர வேறு நாட்டிலும் வரி வதிவாளராக (வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராக) இருந்தால் அந்த நாட்டு வரி எண். இந்தியாவென்றால் பான் எண்.

எங்கள் ஆட்களுக்கு அதிகம் சிக்கல் தருவது பெயர்தான். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால், சாரதி அனுமதிப்பத்திரத்தில் பின்னால், வங்கிக் கணக்கில் முதலெழுத்து மட்டும் என்று மூன்று விதமாக இருக்கும். புரோக்கரேஜ் கணக்கில் (பங்கு வாங்கி விற்கும் கணக்கில்) உள்ள பெயரும் காசு வருகிற வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் காசு திரும்பிப் போகும், அல்லது இணைப்பு நிராகரிக்கப்படும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்குக் குடிவரவு ஆவணத்தில் அது குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், முதற்பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். ஒன்லைன் விண்ணப்பமோ வெறும் கட்டத்தை ஏற்காது. கற்பனையில் ஒரு பெயரைப் போட்டு நிரப்பாதீர்கள். பிறகு வரி சிலிப்பும் அந்தப் பெயரில் வரும். சின் பதிவில் எப்படி இருக்கிறதோ அதை முதன்மையாக வைத்து, வங்கிப் பெயரை அதற்கு ஏற்ப மாற்றிவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள். தேவையானால் தொலைபேசியில் பேசிச் செய்யுங்கள்.

நேரம்: கனடாவில் கடன் வரலாறு உள்ளவருக்கு ஒரே நாளிலும் கணக்குத் திறக்கும். வந்து சில மாதமே ஆனவரை கடன் வரலாற்றைப் பதியும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்களின் பதிவில் தேடினால் கிடைக்காது. அப்போது ஆவணங்களை ஆள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், ஒரு வாரமும் ஆகலாம். கார்டின் நான்கு மூலையும் தெரிய, வெளிச்சம் பளிச்சிடாமல் படம் எடுங்கள். மங்கலான படத்தால் திரும்பி வருகிற விண்ணப்பங்கள்தான் அதிகம்.

3. எந்தக் கணக்கு

ஒரே ஈ.ரி.எஃப்பை எந்தக் கணக்கில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வரி முழுதாக மாறும்.

ரி.எஃப்.எஸ்.ஏ (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு). புதிதாக வந்த பெரும்பாலானவர்களுக்கு இதுதான் முதல் தெரிவு. உள்ளே வரும் டிவிடெண்டுக்கும் இலாபத்துக்கும் கனடாவில் வரி இல்லை. எடுக்கும்போதும் இல்லை. 2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் போடக்கூடிய வரம்பு தலா 7,000 டொலர்.

பொறி இங்கேதான். "ரி.எஃப்.எஸ்.ஏயில் 1,09,000 வரை போடலாம்" என்று சொல்பவர், 2009இலேயே 18 வயது முடிந்து அன்றிலிருந்து கனடாவில் இருப்பவரின் கணக்கைச் சொல்கிறார். உங்கள் இடம், அதாவது போடக்கூடிய மொத்தத் தொகை, நீங்கள் வரி வதிவாளரான ஆண்டிலிருந்துதான் தொடங்கும். நல்ல செய்தி, வந்த ஆண்டின் வரம்பு மாதக் கணக்கில் குறைக்கப்படுவதில்லை. 2025 நவம்பரில் வந்தவருக்கு 2025க்கு முழு 7,000, 2026 தை (ஜனவரி) முதலாம் திகதி இன்னொரு 7,000, மொத்தம் 14,000. அவர் 20,000 போட்டால் மிகையான 6,000க்கு மாதம் 1 சதவீதம், அதாவது மாதம் 60 டொலர், எடுக்கும்வரை தண்டவரி ஓடும்.

சி.ஆர்.ஏ (கனடா வரித் திணைக்களம்) இணையக் கணக்கில் காட்டும் தொகையை மட்டும் நம்ப வேண்டாம். நிறுவனங்கள் போன ஆண்டின் பதிவை பெப்ரவரி இறுதிவரை அனுப்புகின்றன, எனவே தையில் தெரிவது பழைய கணக்கு. நீங்கள் எப்போது வதிவாளரானீர்கள் என்பது அங்கே சரியாகப் பதிவாகாமலும் இருக்கலாம். ஒரு நோட்டில் திகதி, போட்டது, எடுத்தது என்று மூன்று பத்தி எழுதுங்கள், போதும்.

எடுத்த காசைத் திருப்பிப் போடுவதிலும் பலர் விழுகிறார்கள். 14,000 நிரப்பிவிட்டு மேயில் 5,000 எடுத்தால், அந்த இடம் அடுத்த தை முதலாம் திகதிதான் திரும்பி வரும். ஓகஸ்டில் திருப்பிப் போட்டால் 5,000 மிகை. இரண்டு நிறுவனத்தில் இரண்டு ரி.எஃப்.எஸ்.ஏ இருந்தாலும் வரம்பு ஒன்றுதான்.

வயது: பிரிட்டிஷ் கொலம்பியா, நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாண்ட், மூன்று வட பிரதேசங்கள் ஆகியவற்றில் கணக்குத் திறக்க 19 வயது வேண்டும். ஆனால் இடம் 18 வயதிலிருந்தே சேரும்.

ஆர்.ஆர்.எஸ்.பி (ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டம்). போடும் தொகை வருமானத்திலிருந்து கழியும், எடுக்கும்போது முழுதும் வருமானமாகும். இடம், முந்தைய ஆண்டில் கனடாவில் உழைத்த வருமானத்தில் 18 சதவீதம். 60,000 உழைத்திருந்தால் 10,800. ஆகவே வந்த முதல் ஆண்டில் பெரும்பாலும் இடமே இருக்காது. சி.ஆர்.ஏ அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தலில் உங்கள் தொகை இருக்கும். அதைப் பார்க்காமல் போடாதீர்கள். சம்பளம் குறைவாக இருக்கும் முதல் ஆண்டுகளில் இதற்கு அவசரமும் இல்லை.

எஃப்.எச்.எஸ்.ஏ. முதல் வீடு வாங்குபவருக்கு ஆண்டுக்கு 8,000, வாழ்நாளில் 40,000. போடும்போதும் வரி கழியும், தகுதியான வீட்டுக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. இடம் கணக்கைத் திறந்த ஆண்டிலிருந்துதான் தொடங்கும். கவனிக்க வேண்டியது: இந்த ஆண்டிலோ முந்தைய நான்கு ஆண்டுகளிலோ உங்களுக்கோ துணைக்கோ சொந்தமான வீட்டில் குடியிருந்திருந்தால் கணக்குத் திறக்கத் தகுதியில்லை. கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ உங்கள் பெயரில் இருந்த வீட்டில் குடியிருந்ததும் இதில் சேரும். கனடாவில் இல்லாததால் கணக்கில்லை என்று நினைத்துத் திறந்துவிடாதீர்கள். தகுதி இருந்தாலும், இரண்டு ஆண்டில் வீடு வாங்கப் போகிறவர் இந்தக் கணக்கை வங்கி ஈ.ரி.எஃப்பால் நிரப்பக் கூடாது. உயர்வட்டிச் சேமிப்பு போதும்.

சாதாரணக் கணக்கு. மேலே உள்ளவை நிரம்பிய பிறகு. வரிக் கணக்கு இதற்கு மட்டும்தான் தேவைப்படும். அது எட்டாம் படியில்.

4. புரோக்கரேஜ் கணக்கைத் திறப்பது

வங்கிக் கிளைக்குப் போய் "ரி.எஃப்.எஸ்.ஏ வேண்டும்" என்று கேட்டால் சேமிப்புக் கணக்கோ, ஜி.ஐ.சி எனும் நிலையான வைப்போ, அந்த வங்கியின் மியூச்சுவல் ஃபண்டோ தருவார்கள். அதில் ஈ.ரி.எஃப் வாங்க முடியாது. ஃபண்டின் ஆண்டுச் செலவு 2 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது நீங்களே வாங்கி விற்கும் புரோக்கரேஜ் ரி.எஃப்.எஸ்.ஏ. அதே வங்கியாக இருந்தாலும் அது வேறு பிரிவு, வேறு விண்ணப்பம்.

வெல்த்சிம்பிள், குவெஸ்ற்ரேட், நஷனல் பாங்க் டிரெக்ட் புரோக்கரேஜ், டெஜார்டானின் டிஸ்னாட் ஆகியவற்றில் கனடிய ஈ.ரி.எஃப் வாங்க விற்கக் கமிஷன் இல்லை. பெரிய வங்கிகளின் பிரிவுகளில் ஒரு ஓடருக்குப் பெரும்பாலும் 6.95 முதல் 9.99 வரை. மாதம் 200 டொலர் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் 9.95 கொடுத்தால் ஏறத்தாழ 5 சதவீதம் வாசலிலேயே போய்விடும். ஓர் ஆண்டு டிவிடெண்ட் அதற்கே சரி. கமிஷன் உள்ள இடத்தில்தான் கணக்கு வேண்டுமென்றால், மூன்று நான்கு மாதக் காசைச் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். சில இடங்களில் கணக்கில் குறைந்த தொகை இருந்தால் காலாண்டுக் கட்டணமும் உண்டு. கட்டண அட்டவணையில் அந்த வரியைத் தேடுங்கள்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை:

"கேஷ்" கணக்கா "மார்ஜின்" கணக்கா என்று கேட்டால் கேஷ். மார்ஜின் என்றால் கடனில் வாங்க அனுமதி. சாதாரணக் கணக்குக்குச் சில தளங்கள் அதைத்தான் முன்னால் நிறுத்துகின்றன.

ஆபத்தைத் தாங்கும் அளவு, முதலீட்டுக் காலம் பற்றிய கேள்விகள் வரும். "குறைந்த ஆபத்து, ஓராண்டு" என்று போட்டுவிட்டுப் பங்கு ஈ.ரி.எஃப் வாங்கப் போனால் தடை வரலாம். பொய் எழுதச் சொல்லவில்லை. உண்மையிலேயே குறைந்த ஆபத்து, ஓராண்டு என்பவராக இருந்தால் இது உங்களுக்கான பொருளில்லை.

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வேலை செய்பவர் அதை மறைக்காமல் எழுதுங்கள். வேலையிடத்தில் பங்கு வாங்குவது பற்றி விதி இருக்கும்.

வாரிசு: துணையின் பெயரை "சக்சஸர் ஹோல்டர்" என்று போட்டால் ரி.எஃப்.எஸ்.ஏ அப்படியே அவருக்குப் போகும். "பெனிஃபிஷியரி" என்று போட்டால் கணக்கு மூடிக் காசாகப் போகும். கியூபெக்கில் இந்தக் கட்டம் இருக்காது, உயிலில்தான் எழுத வேண்டும்.

நிறுவனம், முதலீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சி.ஐ.ஆர்.ஓவின் உறுப்பினரா என்று அதன் தளத்தில் பார்க்கலாம். உறுப்பினர் என்றால், புரோக்கர் திவாலானாலும் சி.ஐ.பி.எஃப் (முதலீட்டாளர் பாதுகாப்பு நிதி) பாதுகாப்பு 10 இலட்சம் டொலர் வரை உண்டு. விலை இறங்கிய நட்டத்துக்கு இல்லை. வங்கி வைப்புக்கான 1,00,000 டொலர் காப்புறுதி ஈ.ரி.எஃப்புக்குப் பொருந்தாது, உள்ளே இருப்பது வங்கிப் பங்காக இருந்தாலும். "உங்களுக்கு நான் வாங்கித் தருகிறேன், என் கணக்குக்கு ஈ-டிரான்ஸ்ஃபர் போடுங்கள்" என்று வாட்ஸப்பில் சொல்பவர் ஊர்க்காரராக இருந்தாலும் வேண்டாம்.

5. எந்த ஈ.ரி.எஃப்

சாதாரணமானவை. பி.எம்.ஓவின் இசட்.ஈ.பி (ZEB) ஆறு வங்கிக்கும் சம எடை கொடுக்கிறது, ஆண்டுக்கு இரண்டு தடவை எடையைச் சரிசெய்கிறது, மாதந்தோறும் விநியோகம் (டிவிடெண்ட் முதலான வருமானத்தைப் பிரித்துக் கொடுப்பது) தருகிறது. ஆண்டுச் செலவு சுமார் 0.28 சதவீதம், 10,000 டொலருக்கு 28 டொலர். குளோபல் எக்ஸின் எச்.பி.என்.கே (HBNK) 2023இல் வந்தது, அதே ஆறு வங்கி, அதே சம எடை. நிர்வாகக் கட்டணம் 0.09 சதவீதம், 10,000க்கு ஏறத்தாழ 10 டொலர். உள்ளே இருப்பது ஒன்றேயாகும்போது மலிவானதை எடுப்பதில் தவறில்லை. இசட்.ஈ.பி பெரியது, அதிகம் கைமாறுவது என்பது அதன் பக்க நியாயம். ஆர்.பி.சியின் (ரோயல் பாங்க்) ஆர்.பி.என்.கே (RBNK) வேறு விதம்: டிவிடெண்ட் விகிதம் கூடிய இரண்டு வங்கிக்குப் பாதி எடை, நடு இரண்டுக்கு மூன்றில் ஒன்று, கடைசி இரண்டுக்கு மீதி. விலை அடிபட்ட வங்கியின் விகிதம்தான் பெரும்பாலும் கூடித் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். ஐஷெயர்ஸின் சி.ஈ.டபிள்யூ (CEW) ஆயுள் காப்புறுதி நிறுவனங்களையும் சேர்க்கிறது, செலவு சுமார் 0.6 சதவீதம்.

கவர்ட் கோல் வகை. பி.எம்.ஓவின் இசட்.டபிள்யூ.பி (ZWB) இதில் பழையது, செலவு சுமார் 0.72 சதவீதம். கையிலுள்ள பங்கில் ஒரு பகுதிக்கு, "இந்த விலைக்கு மேல் ஏறினால் அந்த இலாபம் உனக்கு" என்ற உரிமையை விற்று முற்பணம் வாங்குகிறார்கள். அதனால் மாத விநியோகம் கொழுத்துத் தெரியும். ஆனால் சந்தை வேகமாக ஏறும்போது அந்தப் பகுதியின் ஏற்றம் உங்களுக்கு இல்லை, இறங்கும்போது இறக்கம் ஏறத்தாழ முழுதும் உங்களுடையது. ஓய்வுபெற்று மாதக் காசில் வாழ்பவருக்கு இது பொருந்தலாம். முப்பது வயதில் சேமிக்கத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடன் சேர்த்தவை. ஹமில்டனின் எச்.சி.ஏ.எல் (HCAL) போன்றவை 100 டொலருக்கு 25 டொலர் கடன் வாங்கி 125 டொலருக்கு வங்கிப் பங்கு வைத்திருக்கும். வங்கிகள் 20 சதவீதம் விழுந்தால் இது ஏறத்தாழ 25 விழும், கடன் வட்டி தனி. முதல் ஈ.ரி.எஃப்பாக வேண்டவே வேண்டாம்.

குறியீட்டு எழுத்தைக் கவனமாகத் தட்டுங்கள். இசட்.ஈ.பிக்கும் இசட்.டபிள்யூ.பிக்கும் நடு எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், இரண்டும் பி.எம்.ஓவினுடையது, தேடலில் அடுத்தடுத்து வரும். முழுப் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். ரொறன்ரோ சந்தை, கனடிய டொலர் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்குமுன் அந்த ஈ.ரி.எஃப்பின் "ஈ.ரி.எஃப் ஃபக்ட்ஸ்" ஆவணத்தை இறக்கிப் படியுங்கள். நான்கு பக்கத்துக்கு மேல் இருக்காது. ஆண்டுச் செலவு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள சராசரி இடைவெளி, மிக மோசமான மூன்று மாதத்தில் எவ்வளவு விழுந்தது என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

6. காசு அனுப்பி ஓடர் போடுவது

வங்கியை இணைத்து மின்வழியாக அனுப்பினால் 1 முதல் 5 வேலை நாள். பில் கட்டுவதுபோல் அனுப்பினால் 1 முதல் 2 நாள். எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். ரி.எஃப்.எஸ்.ஏ இலக்கத்துக்குப் பதிலாகச் சாதாரணக் கணக்கு இலக்கத்தை அடிப்பது அடிக்கடி நடப்பது.

காசு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுபவர்களும் உண்டு. ரி.எஃப்.எஸ்.ஏயில் போட்ட காசு தானாக எதையும் வாங்காது. ஓடர் போடும்வரை வெறும் காசாகவே கிடக்கும்.

சந்தை ரொறன்ரோ நேரம் காலை 9:30 முதல் மாலை 4:00 வரை. முதல் கால்மணி நேரத்தையும் கடைசிக் கால்மணி நேரத்தையும் விடுங்கள், அப்போது விலை இடைவெளி அகன்றிருக்கும். ஓடர் வகையில் "லிமிட்" போடுங்கள், அதாவது இந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன் என்பது. திரையில் இரண்டு விலை தெரியும். உதாரணத்துக்கு வாங்க வருபவர் கேட்பது 50.10, விற்பவர் கேட்பது 50.12 என்று வையுங்கள். கையில் 1,000 டொலர். 50.12ஆல் பிரித்தால் 19 அலகு, செலவு 952.28. எண்ணிக்கை 19, லிமிட் 50.12, "இன்று மட்டும்" என்று போட்டு உறுதிசெய்யுங்கள். சில நொடியில் நிறைவேறும். "மார்க்கெட்" ஓடரை இரவில் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் திறக்கும் விலை எதுவோ அதில் வாங்கிவிடும்.

2024 மே 27 முதல் கனடாவில் வர்த்தகம் மறு வேலை நாளிலேயே தீர்வாகிறது. வெள்ளிக்கிழமை விற்றால் காசு திங்களில். வங்கிக்கு வந்துசேர இன்னும் இரண்டு மூன்று நாள்.

7. டிவிடெண்ட் வரும்போது

விநியோகம் பெற எக்ஸ்-டிவிடெண்ட் திகதிக்கு (அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்தத் தடவை விநியோகம் இல்லை) முதல்நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். அதற்காக ஓடி வாங்குவதில் இலாபமில்லை, அந்தத் திகதியில் விலை அதே அளவு குறையும். சாதாரணக் கணக்கில் டிசம்பர் கடைசியில் வாங்கினால், ஆண்டு முழுவதும் ஃபண்ட் ஈட்டிய மூலதன இலாபத்தின் வரி உங்கள் தலையிலும் விழலாம். சில நாள் பொறுத்துத் தையில் வாங்குங்கள்.

டி.ஆர்.ஐ.பி போட்டால் டிவிடெண்ட் தானாக அதே அலகுகளை வாங்கும். பல புரோக்கர்கள் முழு அலகு மட்டுமே வாங்குவார்கள். மாத விநியோகம் ஒரு அலகின் விலையைத் தொடாவிட்டால் காசாகவே நிற்கும், அதை நீங்கள் அடுத்த ஓடரில் சேர்க்க வேண்டும்.

8. சாதாரணக் கணக்கில் வரி

ரி.எஃப்.எஸ்.ஏ, ஆர்.ஆர்.எஸ்.பி, எஃப்.எச்.எஸ்.ஏ மட்டும் வைத்திருப்பவர் இந்தப் படியைத் தாண்டலாம்.

கனடிய வங்கி டிவிடெண்ட் "தகுதியுள்ள" வகை. 100 டொலர் வந்தால் அதை 138 ஆக்கி வருமானத்தில் சேர்ப்பார்கள். பிறகு 138இல் 15.0198 சதவீதம், அதாவது 20.73 டொலர், மத்திய வரியில் கழிக்கப்படும். மாகாணக் கழிவு தனி, ஒன்ராறியோவில் 10 சதவீதம். ஆண்டு வருமானம் 50,000க்குக் கீழே உள்ள ஒன்ராறியோவாசிக்கு இந்த டிவிடெண்டால் கூடுதல் வரி ஏறத்தாழ இல்லை.

ஆனால் இங்கே மறைந்த செலவு ஒன்று உண்டு. பிள்ளைக் கொடுப்பனவு, ஜி.எஸ்.ரி கழிவு, முதியோருக்கான ஜி.ஐ.எஸ் எல்லாம் நிகர வருமானத்தைப் பார்த்துத் தருபவை. அங்கே உங்கள் 100 டொலர், 138 ஆகத்தான் கணக்கில் ஏறும். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வரியில் மிச்சம் பிடித்ததை இது தின்றுவிடும். ரி.எஃப்.எஸ்.ஏ வருமானம் இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

ஈ.ரி.எஃப்புக்கு வருவது பெரும்பாலும் ரி3 சிலிப், கியூபெக்கில் ரிலவே 16. சம்பளத்துக்கான ரி4 பெப்ரவரி இறுதிக்குள் வந்துவிடும், ரி3 மார்ச் இறுதிவரை இழுக்கும். பணம் திரும்ப வரும் என்ற அவசரத்தில் மார்ச் தொடக்கத்தில் வரி தாக்கல் செய்துவிட்டு, பிறகு திருத்தம் போடுபவர் பலர். ஏப்ரல் முதல் வாரம்வரை பொறுங்கள், கடைசித் திகதி ஏப்ரல் 30தான்.

விற்கும்போது இலாபத்தைக் கணக்கிட ஏ.சி.பி எனப்படும் சராசரிக் கொள்விலை வேண்டும். புரோக்கர் காட்டும் "புக் வெல்யூ" எப்போதும் சரியாக இருக்காது, பொறுப்பு உங்களுடையது. ஒரு கணக்கைப் பாருங்கள்:

- 100 அலகு 40 டொலர்படி, கமிஷன் 9.95: 4,009.95.
- பிறகு 50 அலகு 44 டொலர்படி, கமிஷன் 9.95: 2,209.95. மொத்தம் 150 அலகு, 6,219.90.
- ரி3இல் 42ஆம் கட்டத்தில் 60 டொலர், அதாவது மூலதனத்தைத் திருப்பித் தந்தது. அதைக் கழியுங்கள்: 6,159.90.
- ஆண்டிறுதியில் கையில் தராமல் உள்ளேயே மறுமுதலீடு செய்த இலாபம் 90 டொலர். அதைக் கூட்டுங்கள்: 6,249.90. ஒரு அலகு 41.666.
- 50 அலகை 48 டொலருக்கு விற்று 9.95 கமிஷன் கொடுத்தால் கைக்கு வருவது 2,390.05. கொள்விலை 2,083.30. இலாபம் 306.75. அதில் பாதிக்கு, 153.38க்கு, மட்டுமே வரி.

மறுமுதலீட்டுத் தொகைக்கு அந்த ஆண்டிலேயே வரி கட்டியிருப்பீர்கள். அதைக் கூட்ட மறந்தால் அதே 90 டொலருக்கு இரண்டாம் தடவையும் கட்டுவீர்கள். டி.ஆர்.ஐ.பி வாங்கும் ஒவ்வொரு அலகும் புதுக் கொள்முதல், அதையும் எழுதுங்கள். நட்டத்தில் விற்றுவிட்டு, விற்ற நாளுக்கு முன்னோ பின்னோ 30 நாளுக்குள் நீங்களோ துணையோ அதையே வாங்கி வைத்திருந்தால் நட்டத்தைக் கழிக்க முடியாது. ரி.எஃப்.எஸ்.ஏயில் வாங்கினாலும் அதே விதிதான்.

9. புரோக்கரை மாற்றினால், கனடாவை விட்டுப் போனால்

ரி.எஃப்.எஸ்.ஏயை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது காசாக எடுத்துப் புதிய இடத்தில் போடாதீர்கள். அது எடுப்பு ஒன்று, புது வைப்பு ஒன்று என்று பதிவாகி மிகையில் முடியும். புதிய நிறுவனத்தில் மாற்றல் படிவம் நிரப்பினால் அவர்களே இழுத்துக்கொள்வார்கள். "இன்-கைண்ட்" என்று குறித்தால் அலகுகள் விற்கப்படாமல் அப்படியே வரும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதுவரை விற்க முடியாது. பழைய நிறுவனம் சுமார் 150 டொலரும் வரியும் எடுக்கும். ஓரளவு பெரிய தொகையானால் புதிய நிறுவனம் அதைத் திருப்பித் தருவது வழக்கம், ஆனால் கேட்டால்தான் தரும். படிவம் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கனடாவை விட்டு நிரந்தரமாகப் போகிறவர் ரி.எஃப்.எஸ்.ஏயைத் திறந்து வைத்திருக்கலாம். ஆனால் வதிவாளர் அல்லாத காலத்தில் ஒரு டொலர் போட்டாலும் மாதம் 1 சதவீதம் தண்டவரி, புது இடமும் சேராது. போய்ச் சேரும் நாடு அந்த வருமானத்துக்கு வரி கேட்கலாம். சாதாரணக் கணக்கில் வரும் டிவிடெண்டில், வரி உடன்படிக்கை குறைக்காவிட்டால், 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். பல புரோக்கர்கள் வெளிநாட்டு முகவரி வந்ததும் வாங்குவதை நிறுத்தி விற்க மட்டும் விடுவார்கள். மாதாந்தத் தானியங்கி வைப்பைப் புறப்படுவதற்கு முந்தைய மாதமே நிறுத்திவிட்டு முகவரியை மாற்றுங்கள்.